ஆய்வுக் குறிப்பில் நான் எழுதிய ஒரு பெயர்

எனக்குப் பிறகு உத்திரமேரூர் வட்டத்துக்குத் தொழிலாளர் உதவி ஆய்வாளராக வந்திருக்கும் நிவேதா போன வாரம் போன் செய்தாள். கெட்டிக்காரப் பெண். கொஞ்சம் பயந்திருந்தாள். "மேடம், இனிமே எந்தக் கடைக்கு ஆய்வுக்குப் போறதுன்னு கம்ப்யூட்டர்தான் சொல்லுமாம். சட்டமெல்லாம் மாத்திக்கினே இருக்காங்க. அதெல்லாம் படிச்சிக்கறேன். எனக்கு ஒரே சந்தேகம், கடையில பொண்ணுங்களை உக்கார விடலைன்னா ஆய்வுக் குறிப்பு எப்படி எழுதறது?"

எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். நாலு வரியில் முடிந்துவிடும் என்றுதான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. அந்தக் குறிப்பை நான் ஒரு முறை தப்பாக எழுதி, அதனால் ஒரு பெண்ணின் வேலை போனது. அதைச் சொல்லாமல் சரியாக எழுதுவது எப்படி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் முழுவதையும் எழுதுகிறேன். பொறுமையாகப் படி நிவேதா.

என் ஊர் திருப்புலிவனம். அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போனவர்கள். நிலத்துக்காரர் வீட்டு வாசலில் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். கேட்ட பதில் ஒரு நிமிஷத்தில் கிடைத்தாலும் ஒரு மணி நேரம் ஆனாலும் நிற்பார். இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், உட்காருவது என்பது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும்.

டைப்ரைட்டிங் முடித்து, தேர்வு எழுதி, இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கோப்புகளுக்கு நம்பர் போட்டே பதினாறு வருஷம் ஓட்டினேன். பிறகு பதவி உயர்வில் உதவி ஆய்வாளர் ஆனேன். பயிற்சி சில வாரங்கள். அதில் பாதி, தராசிலும் எடைக்கல்லிலும் முத்திரை பார்ப்பதற்கே போய்விட்டது. கடைத்தெருவில் இன்றைக்கும் எனக்குத் 'தராசு மேடம்' என்றுதான் பெயர். எஸ்தர் என்று அப்பா வைத்த பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. எடை குறைகிறது என்று என்னைத் தேடி வந்து சண்டை போட்டவர்கள் எத்தனையோ பேர். கடையில் வேலை செய்கிறவளுக்குக் கால் வலிக்கிறது என்று ஒருத்தரும் வந்ததில்லை.

எனக்கு மேலதிகாரி தணிகாசலம் சார். காஞ்சிபுரத்தில் உதவி ஆணையர், என்னைவிட ஏழு வயது சின்னவர். குரலை உயர்த்த மாட்டார். யார் உள்ளே வந்தாலும், கூட்டுகிற அம்மாவாக இருந்தாலும், "உக்காருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுவார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. நாங்கள் எழுதிக்கொண்டு போகும் அறிக்கையைக் கையில் வாங்கி, "இப்ப நான் ஓனர்" என்பார். பிறகு சத்தமாகப் படிப்பார். ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, ஓனர் எப்படித் தப்பிப்பாரோ அப்படித் தப்பிப்பார். "நான் ஓனர். அன்னிக்குக் கடை லீவு." "நான் ஓனர். அந்தாளு என் மச்சான், சும்மா வந்திருந்தான்." ஒரு அறிக்கை அவரிடம் தேறுவதற்குள் நமக்கு நாக்கு வறண்டுவிடும். வெளியே வந்து அவரைத் திட்டாத ஆள் எங்கள் அலுவலகத்தில் கிடையாது, நான் உட்பட.

கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று நம் மாநிலத்தில் சட்டம் திருத்தப்பட்ட பிறகு நடந்தது இது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்று மாடி ஜவுளிக் கடை ஒன்று. பெயர் வேண்டாம். ஆடித் தள்ளுபடி முடிந்து ஆவணி பிறந்திருந்தது. என் ஸ்கூட்டர் வாசலில் நின்றதும் செக்யூரிட்டி விசில் ஊதினார். வண்டி நிறுத்த வழி காட்டுகிறார் என்று நினைத்தேன்.

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து ஓடி வந்தார். "வாங்க மேடம், உக்காருங்க. வெயில்ல வந்துகீறீங்க. காபி சொல்லட்டா?" மெத்தை வைத்த நாற்காலி ஒன்று வந்தது. உட்கார்ந்தேன். காபியும் குடித்தேன். எதிரே கல்லாவுக்குப் பின்னால் இருந்த சுவரில் வரிசையாகப் பெரிய பெரிய குரூப் போட்டோக்கள் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தன. அவற்றைப் பார்த்தபடி காபியைச் சாவகாசமாகவே குடித்தேன்.

இரண்டாவது மாடி சேலைப் பிரிவு. ஏழு பெண்கள் நின்றிருந்தார்கள். கவுன்டருக்கு ஒன்றாகப் புது ஸ்டூல்கள் இருந்தன. உட்காருகிற இடத்தில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. நான் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் ஸ்டூலில் லேசாகச் சாய்ந்தாள். உடனே மைக்கில் குரல் வந்தது. "மூணாம் நம்பர், கஸ்டமரைக் கவனிங்க." அவள் சட்டென்று நிமிர்ந்தாள். மூன்றாம் நம்பர் கவுன்டரில் கஸ்டமரே இல்லை.

"இந்த ஸ்டூல்ல உக்காருவீங்களா?" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டேன். ஆறு பேர் தரையைப் பார்த்தார்கள். ஃப்ளோர் மேனேஜர் அந்தக் கோடியில் யாருக்கோ பட்டு காட்டிக்கொண்டிருந்தார். ஓரத்துக் கவுன்டரில் இருந்தவள் மெல்லப் பேசினாள். நாற்பதை நெருங்கும் வயது.

"இந்த ஸ்டூலு, நீங்க கீய காபி குடிச்சிக்கினு இருக்கசொல்ல குடோன்லேர்ந்து எறக்கனது மேடம். உக்காரக் கூடாதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. உக்காந்தா மைக்ல நம்பரைச் சொல்வாங்க, அவ்ளோதான். மாசத்துல மூணு வாட்டி நம்பர் வந்துச்சின்னா தீபாவளிக்கு அப்புறம் வராதேன்னுடுவாங்க. ஒம்போது வருசமா நின்னுக்கினு கீறேன். காலைப் பாருங்க."

புடவையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கினாள். நரம்பெல்லாம் சுருண்டு புடைத்துக் கறுத்துப்போயிருந்தது. பெயர் கேட்டேன். கஸ்தூரி என்றாள். பெருநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள்.

எனக்கு ஒரே உற்சாகம். ஸ்டூல் இருக்கிறது, ஆனால் உட்கார விடுவதில்லை என்பதை எப்படி நிரூபிப்பது என்று எல்லாரும் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. எனக்கு வாயாலேயே சாட்சி கிடைத்துவிட்டது. கீழே வந்து அதே மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து கார்பன் வைத்து எழுதினேன். சேலைப் பிரிவில் பணிபுரியும் திருமதி கஸ்தூரி என்பவர், ஒன்பது ஆண்டுகளாகத் தான் பணியாற்றி வருவதாகவும், இருக்கையில் அமர்ந்தால் ஒலிபெருக்கியில் எண்ணை அறிவித்து எழுப்பிவிடுவதாகவும் தெரிவித்தார் என்று அட்சர சுத்தமாக எழுதினேன். குறையைச் சரிசெய்யப் பதினைந்து நாள் கெடு. முதலாளியிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை அவர் கையில் கொடுத்தேன். அவர் வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன்.

மறுநாள் காஞ்சிபுரத்தில் தணிகாசலம் சார் அதைக் கையில் வாங்கினார். "இப்ப நான் ஓனர்" என்று படிக்க ஆரம்பித்தார். கஸ்தூரி என்ற இடம் வந்ததும் நிறுத்தினார்.

"நான் ஓனர். படிச்சிட்டேன். கஸ்தூரியைக் கீழ வரச் சொல்லு."

நான் எட்டி அந்த வரியைப் பார்த்தேன்.

"குறிப்போட காப்பியை ஓனர்கிட்ட குடுத்துட்டீங்களா எஸ்தர்?"

"குடுத்துட்டேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். சொன்னது யார் என்று தெரியும்படி எழுதக் கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். அதை நானே நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சாட்சி கிடைத்த சந்தோஷத்தில் மறந்து தொலைத்தேன்.

மூன்றாம் நாள் கஸ்தூரி என் அலுவலகத்துக்கு வந்தாள். "உட்காருங்க" என்றேன். உட்காரவில்லை.

"எம் பேரை எயுதிட்டீங்களே மேடம். நம்பித்தானே சொன்னேன். நாளையிலேர்ந்து வராதேன்னுட்டாங்க. இந்தக் காலை வச்சிக்கினு சேத்துல எறங்கி நாத்து நட முடியுமா? வூட்ல எம் பொண்ணு நர்சிங் படிச்சிக்கினு கீறா. நான் இன்னா பண்ணுவேன், சொல்லுங்க."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "உங்க மன்னிப்ப வச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்றாள். நியாயம்தான். மன்னிப்பை மடித்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அவளை அதே கடைக்குள் திரும்ப அனுப்பாமல் நான் ஓய்வு பெறுவதில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரம் எனக்கு ஒரு மெமோ வந்தது. ஏன் பணியாளரின் பெயரைக் குறிப்பில் எழுதினீர்கள், விளக்கம் தருக என்று. கையெழுத்து தணிகாசலம் சாருடையது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை நேரில் திட்டியிருக்கலாமே என்று தோன்றியது. 'தவறு என்னுடையது' என்று ஒரே வரியில் விளக்கம் எழுதிக்கொண்டு போனேன். வாங்கிக் கோப்பில் வைத்தார். "உக்காருங்க. அந்தம்மா மேட்டரைப் பேசலாம்" என்றார்.

சட்டம் இதுதான். கடையில் ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை, தக்க காரணமும் ஒரு மாத நோட்டீசும் இல்லாமல் அனுப்ப முடியாது. குற்றம் செய்தார் என்றால் விசாரணை நடத்தியிருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கஸ்தூரியை உட்கார வைத்து மனுவை எழுதச் செய்தோம். ஆனால் ஆறு மாதம் வேலை செய்தாள் என்பதற்கு அவளிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. கடை வருகைப் பதிவேட்டில் பதினான்கே பெயர்கள், அதில் அவள் இல்லை.

"இப்ப நான் ஓனர்" என்றார் சார். "அவ என் ஆளே இல்ல. சீசனுக்கு வந்தவ. ஆடிக்கு வருவா, தீபாவளி பொங்கல் முடிஞ்சா போயிடுவா."

"ஒம்பது வருஷம்னு என் குறிப்புல இருக்கு சார்."

"அது அவ சொன்னது. நான் கையெழுத்து போட்டது குறிப்பு வாங்கினதுக்கு. ஆவணியில அவ கடையில இருந்தாங்கறது மட்டும்தான் அதுல நிக்கும். ஆறு மாசத்துக்கு இந்தக் கோடி இருக்கு. அந்தக் கோடி எங்க?"

அப்போதுதான் அந்தக் காபி ஞாபகம் வந்தது. காபியும், அதைக் குடித்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்த சுவரும்.

கடை திறந்த நாளன்று வருஷா வருஷம் பூஜை போட்டு, எல்லாரையும் நிற்க வைத்துப் படம் எடுத்து மாட்டுவது அந்த முதலாளியின் பழக்கம். நடுவில் அவரும் குடும்பமும் நாற்காலியில் இருப்பார்கள். பின்னால் வேலை செய்கிறவர்கள் வரிசையாக நிற்பார்கள். படத்துக்குக் கீழே எத்தனையாவது ஆண்டு விழா என்று ஸ்டூடியோக்காரர் அச்சடித்திருப்பார், தேதியோடு.

"கடை திறந்தது மாசி மாசம் சார். சீசன் ஆளுங்க பொங்கலோட போயிடுவாங்க."

தணிகாசலம் சார் பேப்பரைக் கீழே வைத்தார். ஓனராக அவருக்கு அடுத்த வரி வராமல் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பதினைந்து நாள் கெடு முடிந்ததும் நான் எப்படியும் மறு ஆய்வுக்குப் போக வேண்டும். போனேன். மேல்முறையீட்டு நோட்டீஸ் இன்னும் கடைக்குப் போய்ச் சேரவில்லை. நாற்காலி வந்தது. "வேணாங்க, நின்னே பாக்கறேன்" என்றேன். மாடிகளில் ஸ்டூல்களை எண்ணினேன், படம் எடுத்தேன். கீழே வந்து சுவரைக் காட்டி, "இவங்கெல்லாம் யாருங்க?" என்றேன்.

முதலாளிக்கு முகமெல்லாம் பூரிப்பு. "நம்ம ஸ்டாஃப் மேடம். கடை குடும்பம். கொரோனா வருசம் மட்டும் எடுக்கலை. மத்தபடி வருசா வருசம் எடுக்கறது."

"சீசனுக்கு வர்றவங்களும் நிப்பாங்களா?"

"சேச்சே. பர்மனென்ட் ஆளுங்க மட்டும்தான். வெளியாளை நிக்க வுட மாட்டோம்."

அப்படியே எழுதினேன். எட்டுப் படங்களையும் ஒவ்வொன்றாகப் படம் பிடித்தேன். எழுதியதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். எட்டிலும் கஸ்தூரி இருந்தாள், வாசல் தூணுக்குப் பக்கத்தில், இரண்டாம் வரிசையில். கடைசிப் படம் அந்த வருஷ மாசியில் எடுத்தது. அவரை ஏமாற்றிவிட்டதாக நான் நினைக்கவில்லை. கேட்டேன், சொன்னார்.

அதன் பிறகு வழக்கு இழுத்தது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடத்தில் விசாரணை. வாய்தா மேல் வாய்தா. கஸ்தூரி நடவுக்கு இரண்டு நாள் போய்ப் பார்த்தாள். காலில் புண் வந்து படுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து ஃப்ளோர் மேனேஜர் பெருநகருக்கே அவள் வீட்டுக்குப் போயிருக்கிறார். "மேடமே எயுதிக்கினாங்க, நான் அப்டி சொல்லலைன்னு ஒரு கையெத்து போடு. நாளைக்கே வேலைக்கு வந்துடு" என்றாராம்.

இதை அவளே என்னிடம் வந்து சொன்னாள். அவள் கையெழுத்துப் போட்டால் என் வேலைக்கும் ஆபத்துதான். ஆனாலும் போடாதே என்று சொல்ல எனக்கு ஏது வாய்? "உங்க இஷ்டம் கஸ்தூரி. நீங்க போட்டாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்றேன்.

"போட மாட்டேன்னு அப்பவே சொல்லி அனுப்சிட்டேன்" என்றாள். "நான் சொன்னது பொய்யின்னு எயுதிக் குடுத்துட்டு உள்ள போனா, ஆயுசுக்கும் நின்னுக்கினேதான் இருக்கணும். எம் பொண்ணே 'போடாத மா'ன்னுட்டா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

விசாரணையில் கடைத் தரப்பு வக்கீல், அன்றைக்குத் தணிகாசலம் சார் ஓனராகச் சொன்னதை அச்சாகச் சொன்னார். சீசன் ஆள், ஆடிக்கு வந்தவர் என்றார். என்னைக் கூண்டில் ஏற்றி, "பணியாளர் பெயரைக் குறிப்பில் எழுதுவது உங்கள் வழக்கமா?" என்று கேட்டார்.

"வழக்கமில்லை. அது என் தப்பு. அதற்கு மெமோ வாங்கியிருக்கிறேன். ஆனால் நான் எழுதிய நாளில் அவர் கடையில் வேலை செய்துகொண்டிருந்தார் என்பது உண்மை" என்றேன். பத்துப் பேர் முன்னால் தப்பு என்று சொல்வது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவ்வளவு கஷ்டமில்லை.

எட்டுப் படங்களும் முதலாளி கையெழுத்துப் போட்ட வாக்குமூலமும் மேல்முறையீட்டை விசாரித்த அதிகாரியின் மேஜைக்குப் போயின. வக்கீல் முகம் மாறியது. சாடையாக இருக்கிற வேறு யாரோ என்றார். அதிகாரி கஸ்தூரியைப் பார்த்தார்.

"நான்தான் சார். எட்டு வாட்டியும் அந்தத் தூணாண்டதான் நின்னேன். ஒரு வருசம் முன்னாடி ஒரு சேரு காலியா இருந்துச்சி. கால் வலிக்குது, உக்காரட்டான்னேன். எல்லாம் சிரிச்சாங்க."

அங்கே யாரும் சிரிக்கவில்லை. மாசியில் படம், ஆவணியில் என் குறிப்பு. இரண்டு கோடியும் சேர்ந்துவிட்டன. என் தப்பே ஒரு கோடியாக நின்றது என்பதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை, நிம்மதி மட்டும் இருந்தது. அவளை மீண்டும் அதே வேலையில், அதே பிரிவில் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நான் ஓய்வு பெற இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன், நிவேதா. பெயர் எழுதாதே. எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை ஸ்டூல், அதில் உறை பிரித்திருந்ததா, மைக்கில் எந்த நம்பரை எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், அப்போது அந்தக் கவுன்டரில் கஸ்டமர் இருந்தாரா என்று உன் கண் பார்த்ததையும் காது கேட்டதையும் எழுது. ஒரு பெண் சொன்னால்தான் நிரூபணம் என்று எனக்குத் தோன்றியது சோம்பேறித்தனம். அரை மணி நேரம் நின்று பார்த்திருந்தால் எல்லாம் என் கண்ணிலேயே பட்டிருக்கும். விசில் சத்தம் கேட்டதும் நேரே மாடிக்கு ஏறு. கம்ப்யூட்டர் உன்னைக் கடை வாசல் வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். எழுதி முடித்ததும், நகலைக் கொடுப்பதற்கு முன்னால், 'இப்ப நான் ஓனர்' என்று ஒரு முறை படித்துப் பார். சார் இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறார், அவரைத் திட்டிக்கொண்டே படி.

ஓய்வு பெற்றுச் சில மாதம் கழித்து, அக்கா மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அந்தக் கடைக்குப் போனேன். விசில் ஊதவில்லை. நாற்காலியும் வரவில்லை. இரண்டாவது மாடிக்கு ஏறினேன். மத்தியான வேளை, கூட்டமில்லை. நாலு பேர் ஸ்டூலில் இருந்தார்கள். பிளாஸ்டிக் உறை போய், உட்காருகிற இடம் தேய்ந்து பளபளத்தது. என்னைப் பார்த்ததும் மூன்று பேர் விருட்டென்று எழுந்துவிட்டார்கள். ஆய்வுக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

ஓரத்துக் கவுன்டரில் கஸ்தூரி இருந்தாள். காலை ஒரு பெட்டியின் மேல் நீட்டி வைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள், சிரித்தாள், எழுந்திருக்கவில்லை.

"வாங்க மேடம்" என்றாள், உட்கார்ந்தபடியே. "இன்னா பாக்கறீங்க? பட்டா, காட்டனா?"